12 மணி நேரத்தில் முடியும் கேமுக்கு 70 டாலரா?

கேள்வி: எனக்கு வயது 34. வேலை, குடும்பம், கடன் தவணை, சேமிப்பு எல்லாம் போக, கேம் வாங்குவதற்கென்று மாதம் 25 டாலர் ஒதுக்கியிருக்கிறேன். ரொம்ப நாளாக எதிர்பார்த்த கேம் ஒன்று இப்போது 70 டாலருக்கு வெளிவந்திருக்கிறது. கதை 12 மணி நேரத்தில் முடிந்துவிடும் என்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் என் தம்பி, “மணிக்கு ஒரு டாலருக்கு மேல் போனால் எந்த கேமும் நஷ்டம்தான் அண்ணா. அந்தக் காசுக்கு சேலில் 100 மணி நேர கேம் மூன்று வாங்கலாம்” என்கிறான். கணக்குப் பார்த்தால் அவன் சொல்வது சரியாகத்தான் தெரிகிறது, மனசுதான் ஒப்பவில்லை. போன வருடக் கணக்கையும் தருகிறேன். 11 கேம், மொத்தம் 260 டாலர். பெரும்பாலும் சேலில் வாங்கியவை. கன்சோலில் பதிவான நேரம் எல்லாம் சேர்த்து 130 மணி. நான்கு கேம்களை இன்னும் திறக்கவே இல்லை. 70 டாலர் கொடுக்கலாமா?

பதில்: கணக்கு எழுதி அனுப்புகிறவர்கள் குறைவு. அதனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஒரு சின்ன சந்தோஷம். கேள்விக்கான பதிலில் பாதி, கடைசியில் போகிறபோக்கில் சொன்ன அந்த நாலு வரிகளிலேயே இருக்கிறது.

260-ஐ 130-ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 2 டாலர். தம்பி போட்டிருக்கும் வரம்பு 1 டாலர். சேல் பார்த்து, நீளம் பார்த்து, ஏறக்குறைய அவன் சொல்கிற முறைப்படியேதான் வருடம் முழுக்க வாங்கியிருக்கிறீர்கள். ஆனாலும் அவன் வரம்பைப் போல இரண்டு மடங்கில் வந்து நிற்கிறீர்கள். எங்கே ஓட்டை? கேமுக்குள் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதால் அவன் வகுக்கிறான். நீங்கள் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள் என்பதால் வகுக்க வேண்டும். திறக்காத நான்கு கேம்களும் உள்ளே எவ்வளவு நீளமாக இருந்தால் என்ன, உங்களுக்கு அவை பூஜ்யம் மணி நேர கேம்கள்.

இன்னொரு வகுத்தலும் பாக்கி இருக்கிறது. 130 மணியை 52 வாரத்தால் வகுத்தால் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். உங்கள் வாழ்க்கையில் விளையாட்டுக்குக் கிடைக்கிற இடம் அவ்வளவுதான். அந்த வேகத்தில் 100 மணி நேர கேம் ஒன்றை முடிக்க 40 வாரம் ஆகும். தம்பி வாங்கச் சொல்கிற மூன்றையும் முடிக்க இரண்டேகால் வருடத்துக்கு மேல். அதுவரை சேலில் வேறு எதையும் வாங்காமல் இருப்பீர்களா? போன வருடக் கணக்கைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று மூன்று யானைகளை வாங்கிக் கட்டிவிட்டு, தீனிக்கு எங்கே போவீர்கள்?

தம்பியைக் குறை சொல்லவில்லை. அவனிடம் நேரம் நிறைய, காசு கொஞ்சம். அந்த நிலையில் மணிக்கு ஒரு டாலர் என்பது அருமையான விதி. நானும் அந்த வயதில் அப்படித்தான் வாங்கியிருப்பேன். உங்களுக்குத் தட்டுப்பாடு காசில் இல்லை. மாதம் 25 என்றால் வருடத்துக்கு 300. நீங்கள் 260-இல் நிறுத்தியிருக்கிறீர்கள். எது தட்டுப்பாடோ அதைத்தான் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும். நீங்கள் எதிர்பார்த்த அந்த கேம் 12 மணி நேரம் என்றால், உங்களுக்கு ஐந்து வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு. தொடங்கியதை மறப்பதற்குள் முடித்துவிடலாம். 40 வார கேமில், எட்டாவது வாரம் வேலை நெருக்கடி வந்து இரண்டு வாரம் விட்டுவிட்டால், திரும்பி வரும்போது எந்தப் பட்டனுக்கு எது, எதற்காக இந்தக் குகைக்குள் வந்தோம் என்பதே மறந்துபோகும். உங்கள் கேம்களில் ஏதாவது பாதியில் நின்றிருந்தால், இதுதான் காரணமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

அது இருக்கட்டும். “100 மணி நேரம்” என்கிற அந்த எண்ணையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆர்கேடு காலத்தில், அதாவது நாணயம் போட்டு விளையாடும் இயந்திரங்கள் கடைகளில் இருந்த 1980-களின் தொடக்கத்தில், ஒரு நாணயத்துக்கு ஓர் ஆட்டம். நீங்கள் எவ்வளவு சீக்கிரம் தோற்கிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் அடுத்த நாணயம் விழும். அதனால் அந்த கேம்கள் ஆளைத் துரத்தித் துரத்தித் தோற்கடித்தன. வீட்டுக் கன்சோல் வந்து, ஒரே முறை பெரிய தொகை கொடுத்து வாங்கும் பழக்கம் வந்ததும் நிலைமை தலைகீழ். சீக்கிரம் முடிந்தால் வாங்கியவர் சண்டைக்கு வருவார் என்பதால், நீளமே ஒரு விற்பனைச் சரக்கானது.

அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு ஓர் உதாரணம். 2022 ஜனவரியில், டையிங் லைட் 2 என்ற கேம் வெளிவர ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில், அதைத் தயாரித்த டெக்லேண்ட் நிறுவனம் பெருமையாக அறிவித்தது: முழுவதையும் முடிக்க 500 மணி நேரம் ஆகும். கைதட்டல் கிடைக்கும் என்று நினைத்திருப்பார்கள். ‘எங்களுக்கு வேலைவெட்டி இல்லையா’ என்ற பாணியில்தான் எதிர்வினை வந்தது. உடனே விளக்கம் கொடுத்தார்கள்: முக்கியக் கதைக்கு 20 மணி, சைடு மிஷன்களையும், அதாவது கதைக்கு வெளியே உள்ள கிளை வேலைகளையும், சேர்த்தால் 70, 80 மணி. அது 60 டாலர் கேம். 20-ஆல் வகுத்தால் மணிக்கு 3 டாலர். 500-ஆல் வகுத்தால் 12 சென்ட். ஒரே கேம், ஒரே விலை. இப்படி இழுத்த இழுப்புக்கெல்லாம் வருகிற எண்ணை அடிப்படையாக வைத்து, நிதி ஆலோசகனான நான் ஒரு முதலீட்டைக்கூடப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹவ் லாங் டு பீட் தளத்தில் இதனால்தான் ஒவ்வொரு கேமுக்கும் கதைக்கு மட்டும் ஆகும் நேரம், கூடுதல் வேலைகளோடு ஆகும் நேரம், நூறு சதவீதமும் முடிக்க ஆகும் நேரம் என்று தனித்தனியாகப் போடுகிறார்கள். உங்களைப் போன்றவர்கள் முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். மூன்றாவது எண்ணில் என்னவெல்லாம் சேர்ந்திருக்கும் தெரியுமா? 2017-இல் வந்த செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டில் 900 கொரோக் விதைகள் ஒளிந்திருக்கின்றன. 900-ஐயும் தேடிப்பிடித்துக் கொடுத்தால், சாணிக் குவியல் வடிவத்தில் பொன்னிறமாக ஒரு பரிசு கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு அதைக் கொடுத்தவரை நடனமாடச் சொல்லலாம், அவ்வளவுதான். அது செய்தவர்களே அடித்த கிண்டல். அற்புதமான கேம் அது. ஆனால் அந்த 900-ஐயும் தேடும் நேரத்தை ‘கொடுத்த காசுக்குக் கிடைத்த மணி நேரம்’ என்று கணக்கில் சேர்த்தால், நாமே நம்மை ஏமாற்றிக்கொள்கிறோம்.

நானும் ஏமாந்தவன்தான். சில வருடங்களுக்கு முன் ஓர் ஓபன் வேர்ல்டு கேமை, அதாவது பெரிய உலகத்தில் இஷ்டப்படி சுற்றித் திரியும் கேமைக் கிட்டத்தட்ட 90 மணி நேரம் விளையாடி முடித்தேன். முதல் 50 மணி நேரம் சுகம். அதற்கப்புறம் குதிரையில் போய் மூலிகை பறித்து வந்ததுதான் அதிகம். ஏன் நிறுத்தவில்லை? காசு கொடுத்திருக்கிறோமே என்றுதான். விலை இறங்கிக்கொண்டே போகும் பங்கை விற்காமல் வைத்திருப்பவர்களிடம், ‘போன பணம் போனதுதான், இனி என்ன செய்யலாம் என்று பாருங்கள்’ என்று வாரம் ஒருவருக்காவது சொல்கிற ஆள் நான்! அந்தக் கடைசி 40 மணி நேரம் என் கணக்கில் மணிக்கான விலையைக் குறைத்துக் காட்டியது உண்மை. எனக்கு அது நஷ்டம் என்பதும் உண்மை.

நேர்மாறாகவும் நடக்கும். 2012-இல் வந்த ஜர்னி சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், விலை 15 டாலர். மணிக்கு ஏழரை டாலர்; தம்பி மயக்கம் போட்டுவிடுவான். அதை விளையாடியவர்களில் காசு வீண் என்று சொன்னவரை நான் இதுவரை பார்க்கவில்லை. 2007-இல் ஆரஞ்சு பாக்ஸ் தொகுப்பில் ஐந்து கேம்களை ஒன்றாக விற்றார்கள். அதில் மூன்று, நான்கு மணி நேரத்தில் முடியும் போர்ட்டல்தான் பலருக்கு நெஞ்சில் நின்றது. அதற்காகக் குட்டையாக இருப்பதெல்லாம் உயர்ந்தது என்றும் ஆகிவிடாது. 2015-இல் தி ஆர்டர்: 1886 அறுபது டாலருக்கு வந்தபோது, இவ்வளவு சீக்கிரம் முடிகிறதே என்று பெரிய கூச்சல் எழுந்தது. என்னைக் கேட்டால் அதன் பிரச்சினை நீளம் இல்லை. கிடைத்த கொஞ்ச நேரத்திலும் விளையாட விடாமல் காட்சிகளைப் பார்க்க வைத்ததுதான். நன்றாக இருந்திருந்தால் மணிக்கணக்கைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்?

சரி, உங்கள் 70 டாலருக்கு வருவோம். 12-ஆல் வகுத்தால் மணிக்கு 5 டாலர் 83 சென்ட். உங்கள் சொந்த சராசரியான 2 டாலரைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இதை மழுப்பப் போவதில்லை, விலை அதிகம்தான். (70 என்பதே அநியாயம் என்பவர்களுக்கு ஒரு தகவல்: 2005 வாக்கில் புதிய பெரிய கேமின் விலை 60 டாலர் ஆனது. 2020-இல்தான் 70 ஆக ஏறத் தொடங்கியது. அமெரிக்கப் பணவீக்கத்தோடு மட்டும் ஏறியிருந்தால் அப்போதே கிட்டத்தட்ட 80-ஐத் தொட்டிருக்கும். விட்டதைக் கூடுதல் அத்தியாயங்கள், அவற்றை மொத்தமாக விற்கும் சீசன் பாஸ் என்று வேறு வழியில் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது தனிக் கதை.)

ஆனால் விலையைக் குறைக்க வழி இருக்கிறது. உங்கள் கன்சோலில் டிஸ்க் டிரைவ் இருந்தால் டவுன்லோடாக வாங்காதீர்கள், டிஸ்க்காக வாங்குங்கள். சின்ன கேமுக்கு இருக்கிற பெரிய சாதகம் யாரும் பேசாத ஒன்று: சூடு ஆறுவதற்குள் முடித்து விற்றுவிடலாம். ஐந்தாவது வாரம் அதை 40 டாலருக்கு விற்க முடிந்தால் உங்கள் நிகரச் செலவு 30 டாலர், மணிக்கு இரண்டரை. உங்கள் சராசரிக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. 100 மணி நேர கேமை நீங்கள் முடிக்கும்போது ஒன்பது மாதம் ஓடியிருக்கும். அதற்குள் புது டிஸ்க்கே பாதி விலைக்கு வந்திருக்கும், உங்கள் பழையதை யார் வாங்குவார்கள்? டவுன்லோடாக வாங்கினால் விற்கவே முடியாது, உங்களிடம் இருப்பது உரிமம் மட்டும்தான். திருப்பிக் கொடுப்பதும் கடைக்குக் கடை மாறும். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் கடையில் 2015 முதல், வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற கேமை முழுசாக விளையாடிவிட்டே பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள் என்று சிறிய தயாரிப்பாளர்கள் புலம்புவதும் இதனால்தான். பிளேஸ்டேஷன் கடையில் டவுன்லோடு தொடங்கிவிட்டாலே பொதுவாக அந்த வாய்ப்பு போய்விடும்.

காத்திருப்பது இன்னொரு வழி. பெரும்பாலான பெரிய கேம்கள் சில மாதங்களில் இறங்கும், ஒரு வருடத்தில் நன்றாகவே இறங்கும். நிண்டெண்டோவின் சொந்த கேம்கள் மட்டும் விதிவிலக்கு. அவை சுலபத்தில் அசையாது. ஆனால் நீங்கள் ‘ரொம்ப நாளாக எதிர்பார்த்த’ என்று எழுதியிருக்கிறீர்கள். கதைதான் உயிர் என்றால், ஒரு வருடம் கதை கசியாமல் காதைப் பொத்திக்கொண்டு இருக்க முடியுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் என் வாடிக்கையாளர்களிடம் கேட்பது ஒன்றுதான்: வாங்கிய அதே வாரம் தொடங்குவீர்களா? ஆம் என்றால் முழு விலை கொடுங்கள். ‘என்றைக்காவது’ என்றால் அந்த என்றைக்காவது வரும்போது சேல் விலைக்கு வாங்குங்கள்.

மாதச் சந்தா உங்களுக்கு ஒத்துவராது. நூற்றுக்கணக்கான கேம் இருக்கும், நீங்கள் மாதத்துக்குப் பத்து மணி நேரம்தான் உட்காருவீர்கள். அது தம்பிக்கானது. இலவச கேம் பக்கம் அவன் இழுத்தால் அதற்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்; தினமும் வந்து தலைகாட்டச் சொல்கிற எதற்கும் உங்களிடம் நேரம் இல்லை.

ஆக, வாங்குங்கள். மாதம் 25 என்றால் 70 என்பது மூன்று மாதப் பணம், 5 டாலர் மிச்சம். ஒரே நிபந்தனை: அந்த மூன்று மாதமும் சேலில் ஒன்றும் வாங்கக் கூடாது, எவ்வளவு தள்ளுபடியாக இருந்தாலும் சரி. ஐந்து வாரத்தில் இது முடிந்துவிடும். மீதி எட்டு வாரத்துக்குத் திறக்காத நான்கில் ஒன்றை எடுங்கள். இரண்டு வாரத்தில் பிடிக்கவில்லை என்றால் வருத்தப்படாமல் அழித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அந்தக் காசு போன வருடமே செலவாகிவிட்டது. அடுத்த வருடக் கணக்கில் 11 கேமுக்குப் பதிலாக ஐந்தோ ஆறோ இருந்தால், அதையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அப்புறம் ஒன்று. முடித்ததும் அந்த டிஸ்க்கைத் தம்பியிடம் மட்டும் விற்காதீர்கள். அவன் விதிப்படி 12 டாலருக்கு மேல் ஒரு சென்ட் தரமாட்டான்.