கெய்ரோவில் ஒரே ஒரு நாள்

எகிப்துப் பயணம் பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: பாரிஸில் இருக்கும் மகள் குடும்பம் கெய்ரோ வருகிறது. நாங்கள் சென்னையில் விமானம் ஏறி அவர்களோடு சேர்ந்துகொள்கிறோம். பார்க்க ஒரே நாள்தான். ஏஜென்ட் தந்த பட்டியலில் கீசா, சக்காரா, மெம்ஃபிஸ், தஹ்ரிர் மியூசியம், புது மியூசியம், கான் எல் கலீலி கடைத்தெரு எல்லாம் இருக்கின்றன. முடியுமா?
வாசகர், நெல்லித்தோப்பு, புதுச்சேரி

வேன் ஜன்னல் வழியாகப் பார்ப்பதென்றால் முடியும். இறங்கிப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள்: காலையில் கீசா பிரமிடுகள், மதியத்துக்கு மேல் கிராண்ட் எகிப்தியன் மியூசியம் (பட்டியலில் உள்ள புது மியூசியம்). இரண்டும் நைல் ஆற்றின் மேற்கே, சுமார் 2 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. தஹ்ரிரும் கான் எல் கலீலியும் ஆற்றுக்குக் கிழக்கே. கெய்ரோ நெரிசலில் பாலம் தாண்டிப் போய்வருவதிலேயே அரை நாள் கரையும். சக்காரா தெற்கே 20 கிலோமீட்டருக்கு மேல். ஜோசர் மன்னனின் ஆறு அடுக்குப் பிரமிடு அருமையானதுதான், ஆனால் அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

தங்கும் அறையைக் கீசாவிலேயே எடுங்கள். வாசல் திறக்கும் நேரத்துக்குப் போய் நின்றால் பெரிய பிரமிடைக் கூட்டம் சேருமுன் பார்த்துவிடலாம். ஃபையும் சாலைப் பக்கம் இருக்கும் புது நுழைவாயில் வழியாகப் போனால் உங்கள் வண்டி வெளியிலேயே நின்றுவிடும். உள்ளே மின்சாரப் பேருந்தில் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். மூன்று பிரமிடுகளும் சேர்ந்து தெரியும் மேட்டுக்கு அதிலேயே போகலாம். கடைசியாக ஸ்ஃபிங்க்ஸ், அதை ஒட்டிய காஃப்ரே மன்னனின் கோயில். இந்த 73 மீட்டர் நீளச் சிலையைக் கல் கொண்டுவந்து கட்டவில்லை, அங்கே கிடந்த சுண்ணாம்புப் பாறையையே குடைந்து செதுக்கினார்கள். நம் மகாபலிபுரம் ரதங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. பதினொன்றரைக்கு வெளியே வந்து, சாப்பிட்டுவிட்டு, ஒரு மணிக்கு மியூசியம்.

2025 நவம்பரில் முழுமையாகத் திறந்த இந்த மியூசியத்தில் பலரும் செய்யும் தவறு, வாசலிலேயே களைத்துப்போவது. முகப்புக் கூடத்தில் 11 மீட்டர் உயர ராம்சேஸ் சிலை, பிறகு சிலைகள் வரிசைகட்டிய பெரிய படிக்கட்டு என்று ஒரு மணி நேரம் படம் எடுத்தே போய்விடும். நேராக மேலே போய் இளம் மன்னன் துட்டன்காமுனின் கூடங்களை முதலில் முடியுங்கள். 1922இல் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த அவன் கல்லறையிலிருந்து கிடைத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அங்கே ஒரே இடத்தில் இருக்கின்றன. சுமார் 10 கிலோ தங்க முகமூடி முன் எல்லாரும் நிற்பார்கள். உள்சவப்பெட்டி 110 கிலோ தங்கம். அதையும் நின்று பாருங்கள். இரும்புக் கத்தியைத் தவறவிடாதீர்கள். அந்த இரும்பு விண்கல்லிலிருந்து வந்தது என்பது 2016இல் உறுதியானது.

அடுத்து, பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபு மன்னனின் படகு. தனிக் கட்டடத்தில் இருப்பதால் கேட்டுப் போக வேண்டும். 43 மீட்டருக்கு மேல் நீளம், தேவதாரு மரம், 1,224 துண்டுகளாகக் குழிக்குள் கிடந்தது. பலகைகளை ஆணியில்லாமல் கயிற்றால் தைத்திருக்கிறார்கள். நம் கரையில் ஒரு காலத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓடிய தைப்புப் படகுகளை அறிந்தவர்கள் இங்கே அரை மணி நேரம் கூடுதலாக நிற்பார்கள்.

பணம் பற்றி: அரசு டிக்கெட் கவுன்ட்டர்களில் ரொக்கம் எடுபடாது, கார்டுதான். நம் வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் அடைத்தே இருக்கும். புறப்படும் முன் வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள். மியூசியத்துக்கு நேரம் குறித்த டிக்கெட்டை ஊரில் இருக்கும்போதே இணையத்தில் எடுங்கள். அங்கே போய் எடுக்கப் பார்த்தால் ரோமிங் இல்லாத சிம்முக்கு ஓடிபி வராது. வழிகாட்டியிடம் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: நுழைவுக் கட்டணம் சேர்த்தா, பிரமிடுக்குள் போகும் தனிக் கட்டணம் சேர்த்தா, வழியில் கடைகளில் வண்டியை நிறுத்துவது உண்டா. மூன்றாவதுக்கு “இல்லை” என்று வாங்கினால் ஒரு மணி நேரமாவது மிச்சம்.

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது, முழங்கால் வலி உண்டு. பிரமிடுக்குள் போகலாமா?
வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

வேண்டாம். பெரிய பிரமிடின் ஏறுபாதை சுமார் 39 மீட்டர் நீளம், 26 டிகிரி சரிவு, உயரம் 1.2 மீட்டர்தான். குனிந்தபடியே ஏற வேண்டும். அதைத் தாண்டினால் எட்டரை மீட்டர் உயர நடைக்கூடம் வரும். அங்கே நிமிரலாம், ஆனால் ஏற்றம் நிற்காது. மன்னன் அறை வாசலில் மறுபடியும் குனிவு. திரும்பி வர வேறு வழி கிடையாது. எதிரே ஏறி வருபவர்களை ஒதுக்கிக்கொண்டே இறங்க வேண்டும். முழங்காலைப் பதம்பார்ப்பது அந்த இறக்கம்தான். வெளியே பாலைவனக் காற்று வறண்டிருந்தாலும் உள்ளே புழுக்கம். வருபவர்கள் விடும் மூச்சின் ஈரம் எளிதில் வெளியேறாததுதான் காரணம். மேலே போனால் அஸ்வான் கருங்கல்லில் வழவழப்பான வெற்று அறையும் மூடியில்லாத கல்தொட்டியும் இருக்கும். ஓவியம், எழுத்து எதுவும் இல்லை. வழிகாட்டியும் வழக்கமாக உள்ளே வருவதில்லை.

அம்மாவுக்கு அதைவிட நல்லது, பெரிய பிரமிடுக்குக் கிழக்கே உள்ள மூன்றாம் மெரெசங்க் அரசியின் கல்லறை. சில படிகள் இறங்கினால் போதும். வண்ணம் போகாத சுவர்ச் சிற்பங்கள், பாறையிலேயே செதுக்கிய பத்துப் பெண் உருவங்களின் வரிசை. தனி டிக்கெட், காலையிலேயே திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒட்டகத்தில் அம்மாவை ஏற்ற வேண்டாம். ஏற ஒரு விலை சொல்லி, இறக்கிவிட இன்னொரு விலை கேட்பது அங்கே பழைய வழக்கம். ஒட்டகம் எழும்போது பின்னங்கால்தான் முதலில் எழும், ஆள் முன்னால் சாய்வார்.

கேள்வி: ஆறாவது படிக்கும் மகன் மம்மியைப் பார்க்கத் துடிக்கிறான். “கருவாடு மாதிரி உப்புப் போட்டதாம்மா?” என்கிறான். என்ன சொல்வது?
வாசகி, கடலூர் முதுநகர்

சரியாகத்தான் கேட்கிறான். கருவாட்டில் நடப்பதுதான் அங்கேயும்: ஈரத்தை உறிஞ்சி அழுகலைத் தடுப்பது. ஆனால் அவர்கள் பயன்படுத்தியது கடலுப்பு அல்ல, நேட்ரான். வறண்ட ஏரிப்படுகையில் கிடைக்கும் சோடா உப்புக் கலவை. நீரை உறிஞ்சுவதோடு கொழுப்பையும் கரைக்கும். மூளையை மூக்கு வழியாக எடுத்து, நுரையீரல், கல்லீரல், இரைப்பை, குடல் நான்கையும் தனியே பதப்படுத்தி, இதயத்தை மட்டும் உடலிலேயே விட்டுவிடுவார்கள். நேட்ரானில் சுமார் 40 நாள். துணி சுற்றி முடிக்க மொத்தம் 70 நாள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கே போய் அழுவான்: கிராண்ட் மியூசியத்தில் அரச மம்மிகள் இல்லை. 2021 ஏப்ரலில் 22 அரச மம்மிகளையும் ஊர்வலமாகக் கெய்ரோவின் பழைய நகரப் பகுதியான ஃபுஸ்தாத்தில் உள்ள தேசிய நாகரிக மியூசியத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தக் கூடத்தில் படம் எடுக்கக் கூடாது. துட்டன்காமுனின் உடல் அங்கேயும் இல்லை, லக்சரில் அவன் கல்லறையிலேயே இருக்கிறது. மகனுக்கு மம்மிதான் முக்கியம் என்றால் மதியத்துக்கு ஃபுஸ்தாத்தை வைத்துக்கொள்ளுங்கள். தங்க முகமூடி போனால் போகிறது.

கேள்வி: பப்பைரஸ் ஓவியம் வாங்கினால் ஏமாற்றுகிறார்களாமே?
வாசகர், பண்ருட்டி

பப்பைரஸ் என்பது கோரைதான். நம் பாய்க்கோரையின் பேரினமே, ஆள் உயரத்தையும் தாண்டி வளரும். பச்சைத் தோலைச் சீவி, உள்சோற்றைப் பட்டைபட்டையாக அரிந்து, ஊறவைத்து, நீளவாக்கில் ஒரு வரிசை, அதன்மேல் குறுக்கே ஒரு வரிசை அடுக்கி அழுத்திக் காயவைப்பார்கள். செடியின் சாறே ஒட்டிக்கொள்ளும். தெருவில் மலிவாக விற்பது பெரும்பாலும் வாழைப் பட்டை. வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள்: அசலில் நெட்டும் குறுக்குமாக இழைகள் தெரியும். மெதுவாகச் சுருட்டுங்கள்: அசல் விரிந்துகொள்ளும், போலி வெடிக்கும். ஓவியம் கையால் வரைந்ததா, அச்சா என்பது வேறு சோதனை. தாள் அசலாக இருந்து படம் அச்சாக இருப்பதும் உண்டு.

கேள்வி: ரோமானியர் காலத்து வணிகத் துறையான அரிக்கமேடு எங்கள் ஊர் பக்கம். அங்கிருந்து எகிப்துக்குப் போன பொருளைக் கெய்ரோவில் பார்க்க முடியுமா?
வாசகர், அரியாங்குப்பம்

ஒரு நாள் சுற்றில் அதை எதிர்பார்க்காதீர்கள். தமிழ்த் தொடர்பு கிடைத்த இடங்கள் செங்கடல் கரையில், கெய்ரோவிலிருந்து வெகு தொலைவில் இருக்கின்றன. பெரெனிகே துறைமுகத்தில் நம் நாட்டுச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடும் கிடைத்தது. குசேர் அல் காதிம் என்ற இன்னொரு துறைமுகத்தில் கிடைத்த பானை ஓட்டில் “பானை ஒறி” என்று இருக்கிறது. வேறொன்றுமில்லை, நம் உறிதான். கெய்ரோவில் உங்களுக்கு ஒரு தடயம் உண்டென்றால் அது ஃபுஸ்தாத்தில் மம்மியாகப் படுத்திருக்கும் இரண்டாம் ராம்சேஸ். கி.மு. 1213இல் இறந்த அந்த மன்னனின் மூக்கில் மிளகு வைத்திருந்தார்கள். மிளகு விளைந்தது இந்தியாவின் தென்மேற்கு மலைகளில்.

கேள்வி: சைவம் கிடைக்குமா?
வாசகி, லாஸ்பேட்டை

கிடைக்கும். கொஷரி கேளுங்கள்: சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே தக்காளிச் சாறும் பொரித்த வெங்காயமும். தஅமியா நம் மசால் வடைக்கு உறவு, பெரிய அவரைப் பருப்பில் செய்வது. “லஹ்மா (இறைச்சி) வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் போதாது, கோழி அவர்கள் கணக்கில் லஹ்மாவில் சேராது. பச்சையாகக் கீரை மசியல் போலத் தெரியும் முலுக்கியாவைத் தொடாதீர்கள். அது பெரும்பாலும் கோழிச் சாற்றில்தான் கொதித்திருக்கும்.