தெருமுனை அரசமரத்து வௌவாலால் கொரோனா வருமா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் குடியிருக்கிறோம். தெருமுனை அரசமரத்தில் வௌவால்கள் கூட்டமாகத் தொங்குகின்றன. கொரோனா வௌவாலிடமிருந்து வந்ததுதானே, மரத்தை வெட்டச் சொல்லி மனு கொடுப்போம் என்று சிலர் கையெழுத்து வாங்குகிறார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போடலாமா? எந்த விலங்கு என்று இன்னுமா கண்டுபிடிக்கவில்லை?

பதில்: போடாதீர்கள் அம்மா. உங்கள் மரத்தில் தொங்குபவை பழந்தின்னி வௌவால்கள். கோவிட் வைரஸின் நெருங்கிய உறவுகள் கிடைத்தது வேறு இனத்தில்: சீனாவின் யுன்னான் மாகாணத்திலும் லாவோஸிலும் குகைகளில் வாழும், பூச்சி தின்னும் சின்னஞ்சிறு குதிரைலாட வௌவால்களில்.

அந்த உறவும் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். கோவிட் வைரஸின் மரபணு ஏறக்குறைய 30,000 எழுத்துகள் கொண்டது. லாவோஸ் வௌவாலில் கிடைத்த வைரஸ் அதோடு 96.8 சதவீதம் ஒத்துப்போகிறது. கேட்க அதிகம்போலத் தெரியும். ஆனால் 900 எழுத்துகளுக்கு மேல் மாறியிருக்கின்றன. அத்தனை மாற்றம் சேரப் பல பத்தாண்டுகள் ஆகும். கொள்ளுப்பாட்டி வழிச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வேறொரு விலங்கு இருந்திருக்கலாம் என்று தேடுவது இதனால்தான்.

2003இல் சார்ஸ் என்ற இன்னொரு கொரோனா நோய் பரவியபோது அந்த நடு விலங்கு சீக்கிரமே அகப்பட்டது. ஷென்ஜென் நகரச் சந்தையில் உயிரோடு விற்ற புனுகுப்பூனைகளிடம் மாதிரி எடுத்ததும் வைரஸ் கிடைத்தது. ஆனால் மூலத்தை நெருங்க 2017 வரை ஆனது. அந்த வைரஸின் எல்லா மரபணுத் துண்டுகளும் யுன்னானில் ஒரே குகையின் வௌவால்களிடம் இருந்ததை அப்போதுதான் காட்டினார்கள். 2012இல் வந்த மெர்ஸ் என்ற கொரோனா நோய்க்கு நடு விலங்கு ஒட்டகம். 1980களில் எடுத்துப் பத்திரப்படுத்திய ஒட்டக ரத்தத்திலேயே அதற்கான எதிர்ப்புப் பொருள் இருந்தது.

கோவிட் முதலில் தெரியவந்த சீனாவின் வூஹானில் அந்த வாய்ப்பு கைநழுவிப் போனது. 2020 ஜனவரி 1 அன்று, காட்டு விலங்குகள் விற்ற சந்தையை மூடினார்கள். ஆய்வாளர்கள் மாதிரி எடுக்கப் போனபோது உயிருள்ள காட்டு விலங்குகள் அங்கே இல்லை. மிஞ்சியது தரை, தள்ளுவண்டி, சாக்கடையில் பஞ்சால் துடைத்தெடுத்த மாதிரிகள்தான். சிலவற்றில் வைரஸும், ராக்கூன் நாய் என்ற நரி போன்ற காட்டு விலங்கின் மரபணுவும் சேர்ந்தே இருந்தன. அந்த விலங்கு அங்கே இருந்தது என்பதற்கு அது சான்று. அதற்குத் தொற்று இருந்தது என்பதற்கு அல்ல. விற்பனைக்கு வந்த விலங்குகளிடம் அப்போதே ரத்தம் எடுத்து வைத்திருந்தால் இன்று இத்தனை வாக்குவாதம் இருந்திருக்காது. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. 2025 ஜூனில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, சான்றுகளின் கனம் விலங்கின் பக்கமே சாய்கிறது என்றது. கேட்ட தரவுகளைச் சீனா தராததால், ஆய்வகக் கசிவு என்ற சந்தேகத்தையும் ஒதுக்க முடியாது என்றது.

சரி, நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களின் பழந்தின்னி வௌவால்களில் கொரோனா வைரஸ் இருப்பதாக 2020இல் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு சொன்னது உண்மை. ஆனால் அவை வேறு வகை. மனிதருக்கு கோவிட் தருபவை அல்ல. 2021இல் வண்டலூர் பூங்காச் சிங்கங்களுக்குத் தொற்றிய வைரஸின் மரபணுவைப் படித்தபோதும், அது வௌவால் வைரஸாக இல்லை, அன்று மனிதர்களிடம் பரவிக்கொண்டிருந்த அதே டெல்டா வகையாக இருந்தது.

மரத்தை வெட்டினால் வௌவால்கள் அடுத்த தெரு மரத்துக்குப் போகும், அவ்வளவுதான். புகை போட்டுத் துரத்தவும் வேண்டாம். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. வௌவால் சப்பிப் போட்ட வாதாம் பழத்தைப் பொறுக்கி, கல்லால் உடைத்துப் பருப்பைத் தின்பது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கம். அதை நிறுத்துங்கள். கேரளத்தில் உயிர் பறித்த நிபா வைரஸ் பழந்தின்னி வௌவால்களிடம் இருப்பது. எச்சில் பட்ட பழம் எதுவும் வேண்டாம். தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள். கீழே விழுந்த வௌவாலை வெறுங்கையால் தொடக்கூடாது. கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அப்புறம், தெருவில் கோழியோ காக்கையோ வௌவாலோ கொத்தாகச் செத்துக் கிடந்தால் குப்பைவண்டியில் போடுவதற்கு முன்பே அரசு கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். மாதிரி எடுக்க அவர்களுக்கு உடல் கிடைக்க வேண்டும்.