பதில்: ஐந்து நாள் ஊசியில் மஜ்ஜை வற்றிப்போகுமா?
சகோதரி, கோத்தகிரியிலிருந்து எழுதியிருந்தீர்கள். அண்ணனுக்கு ஸ்டெம் செல் (ரத்தத்தை உருவாக்கும் மூல செல்) கொடுக்குமுன், அந்தச் செல்களை ரத்தத்துக்கு வரவைக்க ஐந்து நாள் போடும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி உங்கள் எலும்பு மஜ்ஜையை வற்ற வைத்துவிடுமோ என்பது உங்கள் பயம். வற்றாது.

ரத்த மூல செல்களில் பெரும்பாலானவை எந்நேரமும் ஓய்வில்தான் இருக்கும். ஒரு மூல செல் பிரிவது சராசரியாக 40 வாரத்துக்கு ஒருமுறை என்று ஒரு மதிப்பீடு உண்டு. தினசரி ரத்த உற்பத்தியைப் பார்த்துக்கொள்வது அவற்றின் வாரிசு செல்கள். மஜ்ஜையில் சுற்றியுள்ள செல்கள் சுரக்கும் சிஎக்ஸ்சிஎல்12 புரதம் மூல செல்லைப் பிடித்துவைத்து ஓய்வில் இருத்துகிறது. ஊசி அந்தப் பிடியைத் தளர்த்துவதால் ஒரு பங்கு செல்கள் ரத்தத்துக்கு வருகின்றன. அதில் கொஞ்சம்தான் எடுப்பார்கள். மஜ்ஜையில் தங்கியவை பிரிந்து ஈடுசெய்துவிடும்.

வழக்கமான அளவு, எடையில் கிலோவுக்குத் தினம் 10 மைக்ரோகிராம். இடுப்பு, முதுகெலும்பு வலிக்கும். பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின் வேண்டாம். மண்ணீரல் சற்று வீங்கும் என்பதால் தேயிலை மூட்டை தூக்குவதை டாக்டர் சொல்லும்வரை நிறுத்துங்கள். இடது விலாவுக்குக் கீழேயோ இடது தோளிலோ திடீரென வலித்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்கணும். ஐஸ் கட்டியோடு ஒட்டிவைத்தால் உறைந்து கெட்டுவிடலாம்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து விடாதீர்கள்: நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் நோய்க்கான (சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை ரத்த நோய்) மரபணு அதிகம். அந்த நோய் உள்ளவருக்கு இந்த ஊசி உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் ஊசிக்கு முன்பே அதைக் கண்டறியும் ஹீமோகுளோபின் எலக்ட்ரோஃபோரெசிஸ் என்ற ரத்தப் பரிசோதனை எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.