அம்மம்மாவின் சீதன உறுதி எங்கே?

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு, யாழ்ப்பாணப் பெண்களின் வரலாற்றை எங்கே தேடுவது என்ற ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. அதனால் மற்றவர்களை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: யாழ் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட இறுதி வருட மாணவி நான். 'யாழ்ப்பாணப் பெண்களின் வரலாறு' என்று ஆய்வுத் தலைப்புக் கொடுத்தேன். நூலகக் கணினியில் 'பெண்கள்' என்று அடித்தால் போருக்குப் பின் வந்த அபிவிருத்தி அறிக்கைகள்தான் வந்து நிற்கின்றன. மூலங்கள் போதாது, தலைப்பை மாற்று என்கிறார்கள். உண்மையில் ஒன்றும் இல்லையா, எனக்குத்தான் தேடத் தெரியவில்லையா ரீச்சர்?
— சண்டிலிப்பாய் வாசகி

பதில்: பிள்ளை, தலைப்பை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. உம்முடைய தலைப்பு ஒரு ஆயுளுக்கும் போதாது. ஒரு ஊர், ஒரு பள்ளிக்கூடம், ஒரு பத்து வருடம் என்று சுருக்கும். சுருக்கினால் எந்த அலுமாரியைத் திறப்பது என்பது தானாகத் தெரியவரும்.

'பெண்கள்' என்று அடித்துத் தேடுவதையும் கொஞ்சம் நிறுத்தும். நூலகத்தில் வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன். பள்ளிக்கூட நூற்றாண்டு மலர் 'கல்வி'க்குள் போகும். மகப்பேற்று ஆஸ்பத்திரி அறிக்கை 'மருத்துவ'த்துக்குள் போகும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை 'சட்ட'த்துக்குள் போகும். இறந்தவர் நினைவாக அச்சடித்துக் கொடுக்கும் அந்தியேட்டிக் கல்வெட்டு எதற்குள்ளும் போகாமல் அடித்தட்டுக்குப் போய்விடும். பெண்கள் இவை எல்லாவற்றுக்குள்ளும் இருக்கிறார்கள், தலைப்பில் மட்டும் இல்லை.

முதலில் வீட்டிலிருந்து தொடங்கும். அம்மம்மாவின் சீதன உறுதி எங்கே, அதாவது சீதனக் காணிக்கு எழுதிய பத்திரம் எங்கே என்று அம்மாவிடம் கேளும். 1995 போர்க்கால இடப்பெயர்வில் எங்கள் சனம் புத்தகத்தை விட்டது, படத்தை விட்டது, தையல் மெஷினையும் விட்டது. உறுதியை விடவில்லை. பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு கைதடிப் பக்கம் போனவர்கள் எத்தனை பேர்! அதனால்தான் மற்றக் காகிதங்கள் அழிந்த வீடுகளிலும் உறுதி மிஞ்சியிருக்கிறது.

அதில் என்ன இருக்கும்? எங்கள் பெயரின் முதலெழுத்து தகப்பன் பெயரிலிருந்து வருகிறது. ஆனால் தேசவழமையின் பழைய முறைப்படி தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்குப் போகும். ஆகவே 'எனக்கு என் தாயார் சீதனமாகத் தந்த காணி' என்று ஒரு உறுதியில் கண்டால், தாயின் உறுதியைத் தேடலாம், அங்கிருந்து அவருடைய தாயிடம் போகலாம். முதலெழுத்தில் காணாமல் போன பெண்வழி காணியில் அப்படியே கிடக்கிறது. எல்லைகளையும் விட்டுவிடாமல் வாசியும். 'கிழக்கு இன்னார் பெண்சாதி இன்னாள்' என்று அயல்காணிக்காரியின் பெயர் இருக்கும். காணி எத்தனை லாச்சம் (எங்கள் ஊர் நில அளவு), கிணற்றில் பங்கு உண்டா, வழிவாய்க்கால் உரிமை உண்டா என்பதெல்லாம் அந்தப் பெண்ணின் கையில் என்ன இருந்தது என்பதற்குச் சாட்சி. வீட்டில் உறுதி இல்லையென்றால் காணிப் பதிவகம் இருக்கிறது. காணியின் பெயரையோ உறுதி இலக்கத்தையோ கொண்டு போம். வெறுங்கையோடு போனால் அவர்களுக்கும் தலையிடி, உமக்கும் தலையிடி.

பக்கத்தில் சட்டத்தையும் வைத்து வாசிக்க வேண்டும். தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் கொண்டுவந்தார்கள். எழுதியவர் கிளாஸ் ஐசாக்ஸ். சரிபார்த்தவர்கள் பன்னிரண்டு முதலியார்கள். அந்தப் பன்னிருவரில் ஒரு பெண்ணும் இல்லை என்று நான் தனியே சொல்லத் தேவையில்லை. பிறகு 1911இல் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வந்தது, 1947இல் அது திருத்தப்பட்டது. மனைவி தன் பெயரிலுள்ள காணியை விற்பதற்கும் புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது இந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. உறுதியில் அவருடைய கையெழுத்தும் ஏன் இருக்கிறது என்று அப்போது விளங்கும்.

அடுத்தது கல்வெட்டு. ஒருவர் இறந்து முப்பத்தொராம் நாள் கொடுக்கும் புத்தகத்தைத்தான் சொல்கிறேன். 'இல்லறத்தை நல்லறமாக நடத்தி' என்று தொடங்கும் புகழ்ச்சியை அப்படியே தாண்டும். எல்லா அம்மாமாருக்கும் அதே வசனந்தான், அச்சகத்தில் அச்சுக்கோத்தபடியே வைத்திருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம். திதி வெண்பாவில் இறந்த நாள் இருக்கும். வம்சாவளியில் பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், சகோதரிகள் எந்த ஊருக்குக் கலியாணம் முடித்துப் போனார்கள் என்பதெல்லாம் இருக்கும். நாற்பது, ஐம்பது கல்வெட்டைச் சேர்த்து வைத்தால் ஒரு ஊரின் கலியாண வரைபடமே கிடைக்கும். நூலகம் நிறுவனம் 2005இலிருந்து இணையத்தில் ஏற்றி வரும் ஆவணங்களில் நினைவு மலர்களும் ஏராளம். வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம்.

இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அதை உமது முதல் அத்தியாயத்திலேயே எழுத வேண்டும். உறுதி காணி இருந்தவர்களின் சாட்சி. கல்வெட்டு அச்சடிக்கக் காசு இருந்தவர்களின் சாட்சி. காணி வைத்திருக்க விடப்படாத சாதிகளின் பெண்கள் இவற்றில் வரமாட்டார்கள். வந்தாலும் அடுத்தவரின் எல்லையில்கூட அல்ல, வேலையாளாக ஒரு வரியில் வருவார்கள். 1920களின் கடைசியிலிருந்து பள்ளிக்கூடங்களில் சம ஆசனம், சமபோசனம் என்று நடந்த சண்டைகளைப் பத்திரிகைகளில் தேடும். அங்கே பெண்பிள்ளைகள் எந்த வரிசையில் இருந்தார்கள் என்று பாரும். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் பெண்களையும் மறந்துவிடாதேயும். அவர்களும் யாழ்ப்பாணப் பெண்கள்தான்.

உடுவில் பெண்கள் பள்ளியை எடுக்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர். எடுக்கலாம், ஆனால் ஒரு எச்சரிக்கை. அமெரிக்க மிஷன்காரர் 1824இல் தொடங்கிய அந்த விடுதிப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் பலருக்கு, அமெரிக்காவிலிருந்து காசு அனுப்பியவர்களின் பெயரையே வைத்தார்கள். அறிக்கையில் வெள்ளைக்காரியின் பெயரைக் கண்டு தாண்டிப் போய்விடாதேயும். அது இணுவில் பிள்ளையாகவும் இருக்கலாம். திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவோடு ஒப்பிட்டால்தான் தமிழ்ப் பெயர் வெளிவரும். அங்கே படித்த பெண்பிள்ளைகள் கிறிஸ்தவரைக் கலியாணம் செய்தபோது மிஷனே சீதனம் கொடுத்ததாம். பெண்ணுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுக்க வந்தவர்களும் எங்கள் ஊர் வழக்கத்துக்கு இறங்கி வந்திருக்கிறார்கள். நானென்றால் அந்த ஒரு விஷயத்திலேயே ஆய்வைத் தொடங்குவேன்.

இன்னும் ஒன்று, யாரும் ஒழுங்காக எடுத்துச் செய்ய வேண்டிய தலைப்பு. 1931இல் இலங்கையில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது என்று பரீட்சையில் எழுதுகிறோம். அந்த வருடம் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் பகிஷ்கரிப்பால் குடாநாட்டில் அரசாங்க சபைத் தேர்தலே, அதாவது அன்றைய சட்டசபைத் தேர்தலே, நடக்கவில்லை. இடங்கள் நிரம்பியது 1934 இடைத்தேர்தலில். அப்படியென்றால் எங்கள் அம்மம்மாமார் அரசாங்க சபைக்கு முதல் வாக்குப் போட்டது 34இல். பெண்களுக்கு இராமநாதன் கல்லூரியைக் கட்டிய சேர் பொன்னம்பலம் இராமநாதனே சர்வசன வாக்குரிமையை எதிர்த்தவர் என்பதையும் பக்கத்தில் வையும். 31க்கும் 34க்கும் இடையில் இந்து சாதனம், உதயதாரகை என்ற பத்திரிகைகள் இரண்டும் பெண்களின் வாக்கைப் பற்றி என்ன எழுதின? இங்கே கிடைக்காத இதழ்களுக்கு ஒருமுறை கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போய்வர வேண்டும். 81இல் எங்கள் பொது நூலகத்தோடு எரிந்த 97,000 நூல்களை நினைத்து அழுதுகொண்டிருந்தால் ஆய்வு முடியாது. எரியாததை முதலில் பார்ப்போம்.

கேள்வி: பெண்ணியம், பால்நிலை என்பதெல்லாம் என்ஜிஓக்களின் பஜிரோ ஜீப்பில் வந்து இறங்கிய சாமான்கள்தானே? இதற்கு எங்கள் மண்ணில் என்ன வரலாறு இருக்கிறது?
— சாவகச்சேரி வாசகர்

பதில்: மங்களம்மாள் மாசிலாமணி யாழ்ப்பாணத்தில் 'தமிழ்மகள்' இதழைத் தொடங்கியது 1923இல். பஜிரோ அப்போது பிறக்கவில்லை ஐயா. படையினர் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளைக் கேட்டு அன்னையர் முன்னணி கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்துக்கு, ஊர்வலம் போனது 1984இல். இங்குள்ள பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' என்ற கவிதைத் தொகுப்பைப் போட்டது 1986இல். வெளியிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள்தான். தமிழரைக் கலியாணம் செய்து இங்கே வந்த கனடா டாக்குத்தர் மேரி இரத்தினம் 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கினார். அதனால் என்ன குறைந்துவிட்டது?

கேள்வி: மகள் ரொறன்ரோவில் பல்கலைக்கழகம் போகிறாள். யாழ்ப்பாணப் பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். இங்கிருந்தே பார்க்க என்ன இருக்கிறது அக்கா?
— ஸ்காபரோ வாசகி

பதில்: தங்கச்சி, உங்களுக்கு எங்களைவிட வசதி. அமெரிக்க மிஷனின் 'மிஷனரி ஹெரால்ட்' இதழும், உடுவில் பள்ளியைத் தொடங்கிய ஹரியட் வின்ஸ்லோவைப் பற்றி 1835இல் வந்த நினைவு நூலும் இன்டர்நெட் ஆர்க்கைவ், ஹாத்திடிரஸ்ட் போன்ற தளங்களில் இலவசம். ஒரு சூட்சுமம் இருக்கிறது. இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் ஒன்றும் வராது. உடுவிலுக்கு முன்னாலும் நடுவிலும் இரண்டிரண்டு 'ஓ' போட்டு, கடைசியில் பிரெஞ்சு ஊர்போல முடித்து 'Oodooville' என்று எழுதியிருப்பார்கள். வட்டுக்கோட்டையைப் 'பட்டிகோட்டா' என்று தேட வேண்டும்.

கையெழுத்துக் கடிதங்கள் வேண்டுமென்றால் அமெரிக்க மிஷனின் ஆவணங்கள் ஹார்வர்ட் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. வேம்படி பெண்கள் பள்ளியை நடத்திய மெதடிஸ்தருடையது லண்டன் சோவாஸ் (SOAS) கல்லூரியில். சுண்டிக்குளி பெண்கள் பள்ளியைத் தொடங்கிய சர்ச் மிஷனரி சங்கத்தினுடையது பேமிங்காம் பல்கலைக்கழகத்தில். ஒரு கட்டுரைக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை.

அவளுக்கு முதலில் குமாரி ஜயவர்தன 1986இல் எழுதிய, மூன்றாம் உலகில் பெண்ணியமும் தேசியமும் பற்றிய நூலை எடுத்துக் கொடுங்கள். அதன்பின் சித்திரலேகா மௌனகுரு தமிழ்த் தேசியத்தில் பெண் எப்படிப் படைக்கப்பட்டாள் என்று எழுதிய ஆங்கிலக் கட்டுரை. அதன்பின் போர்க்கால யாழ்ப்பாணத்தைப் பற்றிய 'முறிந்த பனை'யில் ராஜினி திராணகம எழுதிய பகுதி. அவர் 1989 செப்டெம்பர் 21 அன்று இங்கே சுட்டுக் கொல்லப்பட்டார், புத்தகம் அடுத்த வருடம் வெளிவந்தது. அந்தப் பகுதியை அவள் தனியே வாசிக்காமல் நீங்களும் கூட இருந்து வாசியுங்கள், கேட்க நிறைய இருக்கும். தமிழில் வாசிக்க ஆசைப்பட்டால் கொழும்பு பெண்கள் கல்வி ஆய்வு நிறுவனம் வெளியிட்ட 'நிவேதினி' இருக்கிறது. தேடும்போது பால்நிலை, பாலினம் இரண்டையும் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதலாவது இங்கே எழுதுவது, மற்றது தமிழ்நாட்டில் எழுதுவது.

கேள்வி: என்னுடைய பெரியம்மா அன்னையர் முன்னணியின் 84 ஊர்வலத்தில் போனவர். எண்பது வயதைத் தாண்டிவிட்டார். 'அதெல்லாம் என்னத்துக்கு இப்ப' என்று பேச மறுக்கிறார். பதிவு செய்துவைக்க ஆசை. எப்படிப் பேச வைப்பது?
— கோண்டாவில் வாசகர்

பதில்: 'அந்தப் போராட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கோ' என்று கேட்டால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். அது பத்திரிகைக்காரன் கேட்கும் கேள்வி. அன்றைக்கு வீட்டில் யார் சமைத்தது, எந்தச் சந்தியில் கூட்டத்தோடு சேர்ந்தவர், யார் வந்து கூப்பிட்டது, வெயிலுக்குக் குடை கொண்டு போனவரா, திரும்பி வந்தபோது வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். சின்ன விஷயம் ஒன்றில் தொடங்கினால் மீதி வரும். வராவிட்டால் அன்றைக்கு விடுங்கள். பேச விரும்பாததற்கு அவருக்குக் காரணம் இருக்கும். அதைத் தோண்டிப் பார்ப்பது ஆய்வு அல்ல.

தொடங்கும் முன்பே அனுமதி கேளுங்கள். முடிந்தபின் போட்டுக் காட்டி இன்னொரு முறை கேளுங்கள். எதை வெளியே விடலாம், எதை வீட்டோடு வைக்க வேண்டும், யாருடைய பெயரை மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அவருடைய முடிவு. காணாமல் போனவர்களின் பெயர் வந்தால் அவர்களின் வீட்டாரையும் யோசிக்க வேண்டும். போனை ஃபிளைட் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் நல்ல இடத்தில் கனடாவிலிருந்து கோல் வரும். பழைய படம் ஏதாவது இருந்தால் கையில் கொடுங்கள். படத்தில் நிற்பவர்களின் பெயரை அவர் சொல்லச் சொல்ல, பென்சிலால் மெதுவாகப் பின்பக்கத்தில் எழுதுங்கள். பேனையும் வேண்டாம், செலோடேப்பும் வேண்டாம். 'மாஸ்டரின்ர மனுசி' என்று அவர் சொன்னால், அந்த மனுசிக்குப் பெயர் என்ன என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

பெரியப்பா பக்கத்தில் இருந்தால் எல்லாக் கேள்விக்கும் அவர்தான் பதில் சொல்வார். பதிவு தொடங்கும் நேரம் பார்த்து அவரைச் சந்தைக்கு அனுப்பிவிடுங்கள், கொஞ்சம் நீண்ட லிஸ்ட் கொடுத்து.