தாமிரபரணி மணலை அரித்தால் தங்கம் கிடைக்குமா?

கேள்வி: கனடாவின் வடக்கே யூகான் ஓடைகளில் தட்டில் மணலை அலசித் தங்கம் எடுக்கும் வீடியோக்களைப் பார்த்தேன். நம்ம தாமிரபரணியில் அப்படி எடுக்க முடியுமா?

எடுக்க முடியாது. ஆனால் அரித்துப் பார்த்தால் வேறொன்று வரும், அதுவும் அழகுதான். நான் சேரன்மகாதேவிக்காரன், நிலவியல் படித்தவன்.

ஓடை தானாகத் தங்கத்தை உண்டாக்குவதில்லை. மேலே மலையில் தங்கம் ஊடுருவிய வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) இருந்து, அது லட்சக்கணக்கான வருடம் வெயிலிலும் மழையிலும் உடைந்து, தண்ணீர் அதை இழுத்து வர வேண்டும். யூகானில் நடந்தது அதுதான். 1896 ஆகஸ்டில் கிளாண்டைக் ஆற்றில் சேரும் முயல் ஓடையில் தங்கம் தெரிந்தது. அதற்குப் பிறகு அதன் பெயரே பொனான்சா ஓடை. அந்தப் பகுதியைப் பனியுகத்தின் பனியாறுகள் மூடவில்லை. அதனால் ஓடை சேர்த்து வைத்தது சிதறாமல் அப்படியே கிடந்தது. ஆனால் எடுப்பது லேசில்லை. வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும் தரை அது. குளிர்காலத்தில் தீ மூட்டித் தரையை இளக்கி, அடிப்பாறை வரை குழி தோண்டி, சரளையைக் குவித்து வைப்பார்கள். வசந்தத்தில் பனி உருகித் தண்ணீர் ஓடும்போதுதான் அந்தக் குவியலை அலச முடியும். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கிளம்பிப் போனதாகச் சொல்வார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் அதில் பாதிகூட இல்லை. சேர்ந்தவர்களுக்கும் நல்ல இடமெல்லாம் ஏற்கெனவே ஆள் பிடித்த இடமாக இருந்தது.

சரி, நம்ம பக்கம் வருவோம். பொதிகையிலிருந்து இறங்கும் பாறைகள் பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் என்னும் கருங்கல் வகைகள். கோலார் தங்கம் இருப்பது வேறு வகைப் பழம்பாறைப் பட்டையில். அந்த மாதிரிப் பட்டை தாமிரபரணிக்கு மேலே இல்லை. ஆதிச்சநல்லூரில் தங்க நெற்றிப்பட்டம் கிடைத்ததே என்று கேட்பார்கள். பட்டம் புதைந்திருந்த ஊரில்தான் தங்கமும் விளைந்தது என்று ஆகாது. பொன் வியாபாரத்தில் கைமாறி எவ்வளவு தூரமும் வரும்.

அரிப்பு வேலையை நேரில் பார்க்க வேண்டுமானால் நகைப் பட்டறைத் தெருக்களில் பாருங்கள். பட்டறை வாசல் தூசியையும் சாக்கடை மண்ணையும் கூட்டி அள்ளி அலசும் அரிப்புக்காரர்கள் செய்வது யூகான்காரர் செய்வதேதான். அரிசியில் கல் அரிக்கும்போது அரிசி தண்ணீரோடு போய்க் கல் அடியில் தங்குகிறதே, அதே கணக்கு. தண்ணீரோடு ஒப்பிட்டால் தங்கம் 19.3 மடங்கு கனம், சாதாரண மணல் 2.65 மடங்குதான். ஆட்டி ஆட்டி மேல்மண்ணை வழியவிட்டால் கனமானது அடியில் நிற்கும். திருநெல்வேலி டவுணில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "தண்ணிய வேகமா விடப்பிடாது தம்பி. மண்ணு தானா எறங்கும்லா." பாடப்புத்தகத்தில் படித்ததை அவர் கையில்தான் எனக்குப் புரிந்தது. அந்தத் தொழிலில் பாதரசம் சேர்த்துப் பிரித்து, பிறகு அதைச் சூடாக்கிப் புகையாக விரட்டுவதும் உண்டு. அந்தப் புகை நரம்பையும் நுரையீரலையும் கெடுக்கும். வீடியோ பார்த்துவிட்டு வீட்டில் யாரும் அதை முயல வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

தாமிரபரணி மணலில் ஒரு கை அள்ளித் தட்டில் ஆட்டினால் கடைசியில் அடியில் நிற்பது கருமணலும், சில இடங்களில் சிவப்புக் கார்னெட் துகள்களும். காந்தம் வைத்தால் கருமணலில் இருக்கும் மேக்னடைட் என்ற இரும்புத் தாது மட்டும் துள்ளி ஒட்டிக்கொள்ளும். உவரி, கூத்தங்குழி பக்கம் கடற்கரை செந்நிறமாகத் தெரிவதற்கும் இந்தக் கார்னெட்தான் காரணம். ஆறு செய்யும் அதே அரிப்பைக் கடலலை அங்கே செய்கிறது. ஆனால் ஒரு கை பார்த்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆற்று மணலை அனுமதியில்லாமல் அள்ளுவது குற்றம், தாது மணலுக்கும் 2013 முதல் தமிழ்நாட்டில் தடை போட்டார்கள். நம்ம ஆறு ஏற்கெனவே மணலை இழந்து ஊற்று வற்றிக் கிடக்கிறது, அதை இன்னும் தோண்ட யாருக்கும் மனசு வரக் கூடாது.

நிஜமாகவே ஆற்றுத் தங்கம் பார்க்க ஆசையென்றால் கேரளத்தில் நிலம்பூருக்குப் போங்கள். சாலியாற்றில் மணல் அரித்துத் தங்கம் எடுக்கும் வழக்கம் பல தலைமுறையாக உண்டு. அதன் மேட்டில், வயநாடு–கூடலூர்ப் பக்கம், தங்கம் ஊடுருவிய வெங்கச்சங்கல் இருக்கிறது. 1880களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தேவாலா, பந்தலூரில் சுரங்கம் வெட்டிப் பெரும் பணத்தைத் தொலைத்ததும் அந்தக் கல்லை நம்பித்தான்.