மெயில் மெதுவாகப் போகிறதா? லாக்கில் நாலு எண்களைப் பாருங்கள்

போஸ்ட்ஃபிக்ஸும் (மெயிலை வாங்கி அனுப்பும் மென்பொருள்) டவ்காட்டும் (பயனர் தன் பெட்டியைப் படிக்க உதவுவது) ஓடும் சின்ன, நடுத்தர அலுவலக சர்வர்களைப் பற்றித்தான் இந்த முறை கேள்விகள். எல்லோருக்கும் ஒரே குறை: வேகம்.

300 பேர் இருக்கும் அலுவலகம், டெபியன் லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ். ஒரு மெயில் வெளியே போக அரை நிமிடம் பிடிக்கிறது. ராமை 8 ஜிபியிலிருந்து 16 ஆக்கியும் பிரயோஜனம் இல்லை சார்.

போன காசு போகட்டும். மெயில் லாக்கில் (சர்வர் எழுதும் பதிவுக் கோப்பு) 'டிலேஸ்' என்று தேடுங்கள். ஒவ்வொரு டெலிவரி வரியிலும் சாய்கோடு போட்டு நாலு எண்கள் இருக்கும். முதல் எண், மெயில் உள்ளே வந்து க்யூ மேனேஜர் (வரிசையில் நிற்கும் மெயில்களை அனுப்பி வைக்கும் பகுதி) கைக்குப் போகும்வரை ஆன நேரம். இரண்டாவது, க்யூ மேனேஜரிடம் காத்துக் கிடந்த நேரம். மூன்றாவது, எதிர் சர்வரோடு இணைப்பு கிடைக்க ஆனது. டிஎன்எஸ் தேடலும் (பெயருக்கு ஐபி முகவரி கண்டுபிடிப்பது) டிஎல்எஸ்ஸும் (இணைப்பை மறைகுறியாக்குவது) இதில்தான் வரும். நான்காவது, மெயிலை அனுப்பி முடிக்க ஆனது. எது வீங்கியிருக்கிறது என்று சொல்லுங்கள்.

பார்த்தேன் சார். பெரும்பாலும் 0.1/0.02/20/0.7 என்றுதான் வருகிறது.

அப்படியானால் ராம் பாவம், அதன்மேல் தப்பே இல்லை. 20 விநாடியும் இணைப்புக்கே போகிறது. 5, 10, 20 என்று ஐந்தின் மடங்காக வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது டிஎன்எஸ்ஸைத்தான். ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் முதலில் எழுதியிருக்கும் நேம்சர்வர் (டிஎன்எஸ் கேள்விக்குப் பதில் சொல்லும் சர்வர்) செத்திருந்தால், ஒவ்வொரு தேடலும் வழக்கமாக 5 விநாடி அதற்காகக் காத்திருந்துவிட்டுத்தான் அடுத்ததிடம் போகும். எனக்கும் இப்படி ஆகியிருக்கிறது. காலி செய்துவிட்டு வந்த பழைய கட்டடத்தின் ரவுட்டர் முகவரி அந்தக் கோப்பின் முதல் வரியில் உட்கார்ந்திருந்தது. இரண்டு நாள் டிஸ்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வரியை எடுத்துவிட்டு, அதே மெஷினில் அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு விஷயம்: போஸ்ட்ஃபிக்ஸ் க்ரூட்டுக்குள் (அடைத்து வைத்த தனி டைரக்டரிக்குள்) ஓடினால் ரிசால்வ்.கான்ஃபின் தனி நகல் ஒன்றை வைத்திருக்கும். ரீஸ்டார்ட் செய்யாமல் 'மாற்றியும் சரியாகவில்லை' என்று திரும்பி வராதீர்கள்.

கூகுளின் பொது டிஎன்எஸ் 8.8.8.8 இருக்கும்போது அன்பவுண்ட் எதற்கு அண்ணா?

ஸ்பாம் பட்டியல்களுக்காக. பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் அந்தப் பட்டியல்களை நடத்தும் ஸ்பாம்ஹாஸ் சரியான பதில் தராது; 127.255.255.254 என்று ஒரு பிழைக்குறியீடு அனுப்பும். எந்தப் பதில் வந்தாலும் ஸ்பாம் என்று எடுத்துக்கொள்ளும்படி நீங்கள் எழுதி வைத்திருந்தால், நல்ல மெயிலும் வாசலோடு திரும்பிவிடும்.

போஸ்ட்ஃபிக்ஸின் ப்ராசஸ் லிமிட்டை (ஒரே நேரத்தில் ஓடும் ப்ராசஸ்களின் வரம்பு) 100லிருந்து 500 ஆக்கினேன். காலை 10 மணிக்கு இன்னும் மோசமாகத் தொங்குகிறது.

தொங்கத்தான் செய்யும். பின்னால் அமாவிஸும் (மெயிலைச் சோதிக்கும் வடிகட்டி) க்ளாம்ஏவியும் (வைரஸ் தேடுவது) இருக்கின்றனவா? க்ளாம்ஏவி மட்டுமே ஒரு ஜிபிக்கு மேல் சாப்பிடும். புதிய வைரஸ் பட்டியலை ஏற்றும்போது பழையதையும் சேர்த்து வைத்திருப்பதால் கொஞ்ச நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அமாவிஸ் ஒரே நேரத்தில் இரண்டு மெயிலைத்தான் பார்க்கும் என்றால், வாசலில் 500 பேரை விட்டு என்ன பயன்? கல்யாணப் பந்தியில் பரிமாற இரண்டே பேர் நிற்கிற கதைதான். லிமிட்டைப் பழையபடி 100 ஆக்குங்கள். அமாவிஸுக்கு ராம் தாங்குகிற அளவுக்கு ஆளைக் கூட்டி, அதே எண்ணை போஸ்ட்ஃபிக்ஸின் மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் அதற்கான வரியிலும் போடுங்கள். அப்புறம் போஸ்ட்ஃபிக்ஸின் வாசல்காவலரான போஸ்ட்ஸ்க்ரீனைப் போட்டு, ஸ்பாம் அனுப்பும் பாட்களை (தானியங்கி நிரல்களை) வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். ஸ்கேன் செய்யவே வேண்டாத மெயில்தான் வேகமான மெயில்.

க்யூ டைரக்டரியை (காத்திருக்கும் மெயில்கள் இருக்கும் இடம்) ராமில் வைத்தால் பறக்கும் என்கிறார்களே?

பறக்கும், கரண்ட் போகும்வரை. போஸ்ட்ஃபிக்ஸ் 250 என்று பதில் சொன்னால் 'மெயில் டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது, இனி என் பொறுப்பு' என்று பொருள். அனுப்பிய சர்வர் தன் நகலை அழித்துவிடும். பிறகு தேடி எங்கே எடுப்பது? நல்ல எஸ்எஸ்டி வாங்குங்கள். லாக் எழுதுவது பழைய சிஸ்லாக் என்றால், அதன் அமைப்பில் மெயில் லாக் கோப்பின் பாதைக்கு முன்னால் ஒரு மைனஸ் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் ஒவ்வொரு வரியும் டிஸ்கைப் போய்த் தட்டும்.

ஜிமெயிலுக்குப் போகிறவை மட்டும் 421 என்று தேங்கி நிற்கின்றன.

அவர்கள் உங்களை மெதுவாக வரச் சொல்கிறார்கள். இங்கே வேகத்தைக் கூட்டினால் வினை. ஜிமெயிலுக்குத் தனி டிரான்ஸ்போர்ட் (அனுப்பும் வழி) ஒதுக்கி, ஒரே நேரத்து இணைப்புகளை 20லிருந்து இரண்டாகக் குறையுங்கள். எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் அனுப்ப அனுமதியுள்ள சர்வர்களின் பட்டியல்), டிகேஐஎம் (மெயிலின் டிஜிட்டல் கையொப்பம்), பிடிஆர் (ஐபிக்கு உரிய பெயரைக் காட்டும் பதிவு) மூன்றும் சரியா என்று பாருங்கள். ஒரு நாளைக்கு 5,000க்கு மேல் அனுப்பினால் 2024 பிப்ரவரியிலிருந்து டிமார்க்கும் (இந்தச் சோதனையில் தோற்ற மெயிலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) கட்டாயம்.

அலுவலகத்துக்குள் இருந்தால் மட்டும் தண்டர்பேர்ட் மெயில் செயலியில் அடிக்கடி இணைப்பு அறுகிறது.

டவ்காட்டில் ஒரே பயனர், ஒரே ஐபி என்றால் வழக்கமான வரம்பு 10 இணைப்புதான். லேப்டாப், போன், டேப்லெட் மூன்றும் ஒரே ரவுட்டர் வழியாக வந்தால் அந்தப் பத்தும் தீர்ந்துவிடும். வரம்பை 30 ஆக்குங்கள், போதும்.