கோடை ஆய்வுக்கு ஐப்பசியிலேயே விண்ணப்பியுங்கள்

கேள்வி: அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. தமிழ் வழி, வீட்டில் முதல் பட்டதாரி. கல்லூரியில் ஆராய்ச்சி என்று எதுவும் நடப்பதில்லை. பெரிய நிறுவனங்களில் கோடையில் ஆய்வு செய்ய என்னையும் எடுப்பார்களா?
– மாணவி, தருமபுரி

பதில்: எடுப்பார்கள். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் இருக்கும் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டத்தில் தொடங்குங்கள். இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் வேலை, உதவித்தொகை உண்டு. விண்ணப்பம் வழக்கமாக நவம்பர் வாக்கில் முடிந்துவிடும். பலர் மார்ச்சில்தான் தேடத் தொடங்குகிறார்கள்.

மதிப்பெண்ணுக்கு அடுத்து, 'என்ன செய்ய விரும்புகிறீர்கள்' என்று நீங்கள் எழுதும் ஒரு பத்திதான் பேசும். 'சிறுவயது முதலே அறிவியலில் ஆர்வம்' என்பது எல்லோரும் எழுதுவது. செய்முறை வகுப்பில் நியூட்டன் வளையம் (கண்ணாடித் தட்டின் மேல் லென்சை வைத்து, ஒளியில் தெரியும் வளையங்களை அளக்கும் சோதனை) செய்திருப்பீர்கள். நடுப்புள்ளி கருப்பாக இல்லாமல் வெளிச்சமாக இருந்ததா? லென்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவே தூசி இருந்திருக்கலாம். அப்படியும் இரண்டு வளையங்களுடைய விட்டங்களின் வர்க்கங்களைக் கழித்தால் லென்சின் வளைவு ஆரம் ஏன் சரியாக வருகிறது? தூசியால் வந்த கூடுதல் இடைவெளி எல்லா வளையத்துக்கும் ஒன்றே. கழிக்கும்போது அடிபட்டுப் போகிறது. இப்படி ஒரு பிழையைத் துரத்திய நான்கு வரி போதும். முதலில் தமிழில் எழுதி, பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக்குங்கள். அலங்காரம் வேண்டாம்.

பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியரிடம் மூன்று வாரம் முன்பே சொல்லுங்கள். பல திட்டங்களில் அதை அவரே பதிவேற்ற வேண்டும்; அவருக்கு வரும் இணைப்பு ஸ்பாம் பெட்டியில் கிடக்கும், இவர் விடைத்தாள் திருத்தப் போயிருப்பார்! கையோடு மதிப்பெண் பட்டியலையும் நீங்கள் எழுதிய பத்தியையும் கொடுத்துவிடுங்கள்.

ஆய்வகப் பழக்கம் இல்லையே என்றால், தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் போன்ற கோட்பாட்டு ஆய்வு இடங்களையும் பாருங்கள். அங்கே கருவி தேவையில்லை. கணக்கும் கொஞ்சம் பைத்தான் நிரல்மொழியும் கைவசம் இருந்தால் நல்லது.

கேள்வி: கோடையில் ஆய்வு செய்ய வாய்ப்புக் கேட்டு 60 பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை.
– பி.இ. மாணவர், திருநெல்வேலி

பதில்: 60 பேருக்கும் ஒரே கடிதம்தானே? 'டியர் சார்' என்று தொடங்கி, பெறுநர் ஒரு பெண் பேராசிரியராக இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. எட்டுப் பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரின் அண்மைக் கட்டுரை ஒன்றில் முன்னுரையையும் படங்களையுமாவது படியுங்கள். கடிதம் 150 சொல் தாண்ட வேண்டாம்: யார் நீங்கள், அந்தக் கட்டுரையில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி, உங்களுக்குத் தெரிந்த வேலை, வரக்கூடிய தேதிகள். ஒரு பக்கத் தன்விவரத்தை இணையுங்கள். பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல்.

தேதி விஷயத்தில் கவனம். செமஸ்டர் தேர்வு மே மாதத்துக்குள் நீண்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒப்புக்கொண்ட பிறகு தேதியை மாற்றினால், அடுத்த ஆண்டு உங்கள் கல்லூரியிலிருந்து கடிதம் போடும் பிள்ளைக்கும் சேர்த்துக் கதவு மூடும்.

கேள்வி: அமெரிக்காவின் ஆர்.இ.யு. (இளநிலை மாணவர்களுக்கான ஆய்வு அனுபவம்) திட்டத்துக்கு இங்கிருந்து விண்ணப்பிக்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: முடியாது. அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் அந்த நிதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே.